பன்னெண்டு வயசு வரைக்கும்

அந்த நாற்காலி வேணாம் மேடம், இதுல உட்காருங்க. அதுக்கு ஒரு கால் ஆடும். கேள்வி கேட்க வர்றவங்களுக்குத்தான் நாங்க அதைப் போடுவோம், அப்பத்தான் சீக்கிரம் எழுந்து போவாங்க. ஆனா நீங்க சாவகாசமா கேட்கணும்னு வந்திருக்கீங்க. டீ சொல்லியிருக்கேன். இந்த ஆபீஸ் டீயைக் குடிச்சு இதுவரைக்கும் யாரும் செத்ததில்லை, ரெண்டாவது தடவை கேட்டதும் இல்லை.

கேட்கிறதுக்கெல்லாம் நேராவே பதில் சொல்லிடறேன். சுத்தி வளைச்சுப் பேசறதுக்கு இங்கே டாக்டருங்க இருக்காங்க. பெரிய டாக்டரை நாங்க தாடின்னு சொல்வோம். அவருக்கும் அது தெரியும், பெருமையா தடவிக்குவாரு. அவருக்கு அடுத்தபடியா இந்த ஆராய்ச்சியில ரொம்ப நாளா இருக்கிறவ நான்தான். வீடு வீடாப் போற வேலை. தெருவுல பிள்ளைங்க என்னை 'பல்லு அத்தை'ன்னு கூப்பிடும். விழுந்த பால்பல்லை என்கிட்ட குடுத்தா ஒரு டப்பா கலர் பென்சில் குடுப்பேன். ஒரு பொடியன் பென்சில் ஆசையில அவங்க தாத்தாவோட பல்செட்டையே தூக்கிட்டு வந்துட்டான். பின்னாடியே தாத்தா பொக்கை வாயோட ஓடி வந்து என்னைத் திட்டினாரு. ஒரு வார்த்தை புரியலை.

பல்லு எதுக்குன்னு கேட்பீங்க. பிள்ளை வயித்துல இருக்கும்போதே பால்பல் உருவாக ஆரம்பிச்சுடும். அந்த நேரத்துல அம்மா குடிச்ச தண்ணி, இழுத்த மூச்சு, அப்புறம் பிள்ளை தவழ்ந்த தரையில இருந்த தூசு, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அதுல படியும். குறுக்கே அறுத்துப் பார்த்தா எந்த வயசுல எவ்வளவு உள்ளே போச்சுன்னு தெரிஞ்சிடும். மனுஷங்க வாயிலேர்ந்து வர்றதுல நம்பத் தகுந்த பொருள் அது ஒண்ணுதான்னு தாடி சொல்வாரு. ஜோக்குன்னு நினைச்சு அவரே சிரிப்பாரு.

ஆராய்ச்சி ரொம்ப எளிமையானது. ரெண்டு தெரு. ஒண்ணு பட்டறைத் தெரு. பழைய பேட்டரியை உடைச்சு, உள்ளே இருக்கிற காரீயத்தை உருக்கி எடுக்கிற பட்டறை அங்கே இருக்கு. புகை பூரா அந்தத் தெரு மேலதான் இறங்கும். இன்னொண்ணு மேட்டுத் தெரு. அங்கே மரம் இருக்கு, காத்து இருக்கு, பூந்தொட்டிக்கெல்லாம் செல்லப் பேர் வெச்சுக் கூப்பிடற ஜனங்க இருக்காங்க. ரெண்டு தெருவுலயும் பிறக்கிற பிள்ளைங்களைப் பிறந்த நாள்லேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் பார்த்துக்கிட்டே வரணும். எடை, உயரம், ரத்தம், பல்லு, பேச்சு, புத்தி. வளர்ற இடம் ஒரு பிள்ளையை என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிக்கணும். ஒரே ஒரு விதி, பிள்ளை பன்னெண்டு வயசு வரைக்கும் அதே வீட்டுல இருக்கணும். நடுவுல குடும்பம் வீடு மாறினா அந்தப் பிள்ளை கணக்குல சேராது. அதுவரைக்கும் எடுத்த ரத்தம், பல்லு எல்லாம் வீண்.

மேட்டுத் தெருக்காரங்க எங்கேயும் போக மாட்டாங்க, பூந்தொட்டியை விட்டுட்டு எப்படிப் போறது. பட்டறைத் தெருவுலதான் தலைவலி. கொஞ்சம் மூச்சு விட வழி கிடைச்சதும் சாமானை வண்டியில ஏத்திடுவாங்க. ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் தாடி மத்தியானம் சாப்பிட மாட்டாரு. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரே ஒரு வீடு போச்சுன்னா அந்தத் தெருவைக் கணக்குல காட்டவே முடியாதும்மா. பட்டறையை மூடுங்கன்னு நாம கத்தறோம், ஆதாரம் எங்கேன்னு அதிகாரிங்க கேட்கிறாங்க. பிள்ளைங்களே இல்லாம எதைக் காட்டறது?" அப்படின்னாரு. கண்ணு கலங்கியிருந்தது. நான் சொன்னேன், "நான் பார்த்துக்கிறேன் சார்." எப்படிப் பார்த்துப்பேன்னு அவரு கேட்கலை, நானும் சொல்லலை. அவரை இதுல இழுக்காதீங்க. அவருக்குத் தாடியைத் தவிர வேற எதையும் பராமரிக்கத் தெரியாது.

சொன்னபடி நான் பார்த்துக்கிட்டேன். அதுக்கப்புறம் அந்தத் தெருவுலேர்ந்து ஒரு பிள்ளைகூடப் போகலை.

நீங்க வாலுவைப் பத்தித்தான் கேட்க வந்திருக்கீங்க, தெரியும். அவ நிஜப் பேரு என் வாயில வராது, பிறந்ததுலேர்ந்து எனக்கு அவ வாலுதான். அம்மா தையல்காரி, அப்பா லோடு ஆட்டோ ஓட்டினவரு. வருஷா வருஷம் பிறந்தநாள் அன்னிக்கு பலூனோட போவேன். அன்னிக்குத்தான் ரத்தம் எடுப்போம். ஊசின்னா ஊரையே கூட்டற பிள்ளைங்க நடுவுல அவ கையை நீட்டிட்டு, "அத்தை, எனக்கு வலிக்காது, உங்களுக்குத்தான் முகம் கோணுது" அப்படிம்பா. எனக்கு அவமேல உசிரு மேடம். நான் பெத்த பிள்ளை மாதிரி. இதை நீங்க எழுதிக்கணும்.

ரத்தம் எடுத்ததும் ஒரு படத்தைக் காட்டுவோம். வருஷா வருஷம் அதே படம்தான். குடை பிடிச்ச ஒரு தாத்தா, முன்னால ஒரு நாய், சுவத்து மேல ஒரு குருவி. பிள்ளை அதைப் பார்த்து ஒரு கதை சொல்லணும். பேச்சு எப்படி வளருதுன்னு அதுல தெரியும். மத்த பிள்ளைங்க தாத்தா போறாரு, நாய் போகுதுன்னு முடிச்சுக்கும். வாலுவுக்கு அப்போ நாலு வயசு. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஆரம்பிச்சா. "தாத்தா நாயைக் கூட்டிட்டுப் போகலை அத்தை. நாய்தான் தாத்தாவைக் கூட்டிட்டுப் போகுது. தாத்தாவுக்கு வழி தெரியாது, தெரிஞ்ச மாதிரி நடிக்கிறாரு. குருவிக்குத்தான் எல்லாம் தெரியும். அதை யாரும் கேட்கவே இல்லை." நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. ஆபீஸ்ல வந்து சொன்னேன், ஒரு வாரம் எல்லாரும் தாடியைத் 'தாத்தா'ன்னும் என்னைக் 'குருவி'ன்னும் கூப்பிட்டாங்க.

அடுத்த தடவை போனப்ப ஜன்னல்ல ஈரத்துணி தொங்குது. தையல்காரி யாரோ சொன்னாங்கன்னு ஜன்னலைச் சாத்தி, துணியை நனைச்சுக் கட்டி, தரையை ரெண்டு வேளையும் ஈரத்துணியால துடைக்க ஆரம்பிச்சிருக்கா. நான் ஜன்னல் விளிம்புல தூசு எடுக்கணும், எடுக்கிறதுக்கே ஒண்ணும் இல்லை. அந்தத் தெருவுல ஒரு வீடு மட்டும் இப்படி இருந்தா அது எப்படிப் பட்டறைத் தெரு ஆகும்? "வளர்ற பிள்ளைக்குக் காத்தோட்டம் முக்கியம்மா, இப்படி அடைச்சு வெச்சா எப்படி"ன்னு கேட்டேன். காத்தோட்டம் முக்கியம்தானே. நீங்க எந்த டாக்டரை வேணும்னாலும் கேளுங்க. மறுநாள் துணி இல்லை, ஜன்னல் ரெண்டு கதவும் திறந்திருந்தது. என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை அந்த வீட்டுல.

ரத்தத்துல காரீயம் அளவுக்கு மேல இருந்தா குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லணும்னு விதி இருக்கு. நான் எடுத்துச் சொன்னேன். "இந்தத் தெருப் பிள்ளைங்க எல்லாருக்கும் இருக்கிற அளவுதான்"னு சொன்னேன். அது அப்பட்டமான உண்மை. "அப்போ பயமில்லையே அக்கா?"ன்னு தையல்காரி கேட்டா. "நான் இருக்கேன்ல"ன்னு சொன்னேன். அதுவும் உண்மை. நான் இருந்தேன்.

வாலுவுக்கு ஆறு வயசு முடிஞ்ச சமயம். தையல்காரி ஒருநாள் வாசல்லயே என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ தம்பி பஸ் கண்டக்டர். அவன் மேட்டுத் தெருவுல ஒரு வீடு பார்த்திருக்கான், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீட்டு மாடி. ரெண்டு ரூம், பெரிய ஜன்னல், எதிர்ல மரம். "அக்கா, உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். இங்கே இவளுக்கு அடிக்கடி வயித்து வலி வருது, சரியாச் சாப்பிட மாட்டேங்கறா. அங்கே போனா தேறிடுவா. அங்கேயும் நீங்க வருவீங்கல்ல?" வாலு உள்ளேயிருந்து பலூனை அடிச்சுக்கிட்டே, "அத்தை, அங்கே நிஜக் குருவி இருக்காம், நான் கேட்கப் போறேன்" அப்படின்னா.

"ரொம்ப நல்ல விஷயம்"னு சொன்னேன். சாயங்காலம் ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மேட்டுத் தெருவும் என் ஏரியாதான், அவரு பேத்தியோட பல்லும் என்கிட்டதான் இருக்கு. பேச்சுவாக்குல கேட்டாரு, "தையல்காரக் குடும்பம் ஒண்ணு வருதாம், உங்களுக்குத் தெரியுமா?" தெரியும்னு சொன்னேன். நல்ல குடும்பம்னும் சொன்னேன். "தையல் மிஷின் ராத்திரி வரைக்கும் ஓடும், பாவம் உழைக்கிறவங்க. பிள்ளை கொஞ்சம் இருமிக்கிட்டே இருக்கும். லோடு ஆட்டோவை வாசல்லதான் நிறுத்துவாரு." எல்லாம் உண்மை மேடம். ஒரு சொல்லு கூட்டலை, குறைக்கலை. அவரு மாடியைப் பார்த்தாரு, பேத்தியைப் பார்த்தாரு, வாசல்ல இருந்த பூந்தொட்டியைப் பார்த்தாரு. அதுக்கப்புறம் நான் எதுவும் பேச வேண்டியிருக்கலை.

வீடு இல்லைன்னு ஆனதும் தையல்காரி என் தோள்ல சாஞ்சு அழுதா. நானும் சேர்ந்து அந்த ஹெட்மாஸ்டரை நாலு வார்த்தை திட்டினேன். அது ஒண்ணுதான் இன்னிக்கு வரைக்கும் மனசை உறுத்துது. அவரு நல்ல மனுஷன், அப்படித் திட்டியிருக்கக் கூடாது.

அடுத்து ஆட்டோ. வண்டி படுத்துடுச்சு. வேற ஊருக்குப் போய்ப் பிழைச்சுக்கலாம்னு புருஷனும் பொண்டாட்டியும் பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை, தாடியோட வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு. பட்டறை முதலாளிக்கும் எங்களுக்கும் ஆகாது. எங்களைக் கண்டாலே அவரு பல்லைக் கடிப்பாரு. அந்தப் பல்லை மட்டும் நாங்க கேட்கலை. இருந்தாலும் அவரோட மேஸ்திரி எனக்குப் பழக்கம், அவரு பிள்ளைங்களும் நம்ம கணக்குலதான். அவர்கிட்ட சொல்லி வாலுவோட அப்பாவுக்கு உலையடியிலயே வேலை வாங்கிக் குடுத்தேன். குடும்பம் என்னைத் தெய்வம்னு சொல்லுச்சு. சாயங்காலம் அவரு வேலை முடிஞ்சு வர்றப்ப சட்டை, தலைமுடி, இமை எல்லாம் சாம்பலா இருக்கும். வாலு வாசல்லயே ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சுக்குவா. பார்க்க அழகா இருக்கும்.

அந்த வருஷம் ரத்தத்துல அளவு நல்லா ஏறுச்சு. தாடி பார்த்துட்டு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தாரு. இவ்வளவு தெளிவான ஏத்தம் அந்தத் தெருவுல எந்தப் பிள்ளைக்கும் வந்ததில்லை.

நான் நடுவுல ஒண்ணு சொல்லணும். உங்க ஆளுங்க இங்கே வந்து எல்லாத்தையும் குடைஞ்சாங்க, ரிப்போர்ட்ல இருக்கிற எண்களை நான் மாத்தியிருப்பேன்னு. எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். இத்தனை வருஷத்துல ஒரு எண்ணைக்கூட நான் தொட்டதில்லை. வீட்டுலயே உட்கார்ந்துட்டு எடை போட்டதா எழுதறவங்க இருக்காங்க, ஒரு பல்லை உடைச்சு ரெண்டு பிள்ளை கணக்குல காட்டறவங்க இருக்காங்க. அதெல்லாம் மோசடி. எண்ணை மாத்தறவ கை அழுகிப்போகணும். நான் எண்ணு வர்ற வரைக்கும் குடும்பம் கலையாம பார்த்துக்கிட்டேன், அவ்வளவுதான்.

ஏழு வயசுல வாலு கதை சுருங்குச்சு. தாத்தா, நாய், வீடு, அம்மா திட்டுவாங்க. எட்டுல இன்னும் சுருங்குச்சு. பள்ளிக்கூடத்துல கவனிக்க மாட்டேங்கறா, எழுத்தை முழுங்கறான்னு டீச்சர் புகார். ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் போனேன். பலூனை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, அடிக்கலை. ஊசி குத்தினதும் அழுதா. படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. "நாய்"னு சொன்னா. காத்திருந்தேன். "குடை"ன்னு சொன்னா. "அப்புறம்?"னு கேட்டேன். கையை விரல்விரலா தடவிக்கிட்டு இருந்தவ என்னை நிமிர்ந்து பார்த்து, "அத்தை, முன்னாடி நான் இதுல என்னமோ சொல்வேன்ல, என்ன சொல்வேன்?"னு கேட்டா.

எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. ஆனா முந்தின வருஷத்துப் பதிலைப் பிள்ளைகிட்ட சொல்லக் கூடாதுன்னு விதி. சொல்லலை. வெளியே வந்து சந்து முனையில நின்னு கொஞ்சம் அழுதேன். நானும் மனுஷிதானே. அழுது முடிச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் ஒரு பிறந்தநாள்.

மாட்டிக்கிட்டது எப்படின்னு உங்களுக்கே தெரியும், கேவலம் ஒரு பஸ் டிக்கெட்டால. ஹெட்மாஸ்டர் போன மாசம் பஸ் ஏறியிருக்காரு. கண்டக்டர் நம்ம தையல்காரி தம்பி, வீடு குடுக்காத பழைய ஆத்திரத்துல சில்லறை இல்லைன்னு முறைச்சிருக்கான். அவரு பதிலுக்கு, "என்மேல ஏம்ப்பா கோபப்படறே, உங்க வீட்டுக்கு வந்துபோற அந்தப் பல்லு அம்மா சொல்லித்தானே நான் வேணாம்னேன்" அப்படின்னிருக்காரு. பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்திட்டானாம். வேலை நேரத்துல அப்படிச் செய்யலாமா? எனக்கெல்லாம் வேலைன்னா வேலைதான்.

நீங்க மறுபடி மறுபடி ஒண்ணையே கேட்கிறீங்க, அந்தத் தெரு பிள்ளைங்களை என்ன பண்ணும்னு உனக்கு எப்போ தெரியும்னு. மழுப்பறதுக்கு ஒண்ணும் இல்லை. ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். ஆராய்ச்சி தொடங்கினப்ப நானும் பட்டறைத் தெருவுலதான் குடியிருந்தேன். எனக்கு அப்பத்தான் பையன் பிறந்திருந்தான். தாடி ஆசையா அவனையே ஒண்ணாம் நம்பரா சேர்த்துக்கிட்டாரு. முதல் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, "கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கும்மா, இது போகப் போக மூளையைப் பாதிக்கும்"னு சொன்னாரு. நான் அந்த வாரமே சாமானைக் கட்டிட்டேன். இப்போ மேட்டுத் தெருவுக்கும் மேல குடியிருக்கோம். பையனுக்கு வாய் ஓயாது. கேள்வி கேட்டே உசிரை எடுப்பான். அந்தப் படத்தை ஒருநாள் வீட்டுல காட்டினேன், ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போற வரைக்கும் கதை சொன்னான். சும்மா சொல்லக் கூடாது, வாலு சொன்ன அளவுக்கு நல்லா இல்லை.

ஆமா, இந்த ஆராய்ச்சியிலேர்ந்து முதல்ல வெளியே போன பிள்ளை என் பிள்ளைதான். அதுக்காக நான் பொறுப்பில்லாம ஓடிப்போயிடலை. ஒண்ணாம் நம்பரே போச்சேன்னு தாடி முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு குறையை யாரு தீர்த்தாங்க? நான் காலி பண்ண வீட்டைப் பார்க்க ஒரு பொண்ணு வந்தா. நிறைமாசம், கையில ஒரு தையல் மிஷின். பிள்ளைங்களுக்கு இந்த வீடு ஒத்துக்குமா அக்கான்னு கேட்டா. நல்ல வெளிச்சம், தண்ணி கஷ்டம் இல்லை, என் பையன் இங்கேதான் பிறந்தான்னு சொன்னேன். எல்லாம் உண்மை. சாவியை நான்தான் அவ கையில குடுத்தேன். ஜன்னல் கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், எப்படித் தள்ளித் திறக்கணும்னு காட்டியும் குடுத்தேன். பிள்ளை பிறந்த அன்னிக்கு முதல் ஆளா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையில வாங்கினதும் நான்தான். போன இடத்துக்கு ஒரு ஆளை வெச்சுட்டுப் போறதுதானே நாணயம்.

டீ ஆறிப்போச்சு பாருங்க. சொன்னேன்ல, யாரும் முழுசாக் குடிக்கிறதில்லை.

கையெழுத்து எங்கே போடணும்னு காட்டுங்க, போட்டுடறேன். எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க, வாங்கிக்கிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. தையல்காரி தம்பி வேற வீடு பார்த்துட்டானாம், இந்த வாரமே சாமானை ஏத்தப் போறாங்களாம். வாலுவுக்குப் பன்னெண்டு வயசு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. நான் சொன்னா இப்போ கேட்க மாட்டாங்க. நீங்க பெரிய அதிகாரி, தன்மையா எடுத்துச் சொல்லுங்க, பிறந்தநாள் வரைக்கும் மட்டும் அந்த வீட்டுலயே இருக்கட்டும்னு.